நடுத்தரக் குடும்பத்துக்குச் சிங்கப்பூர்க் கப்பல் பயணம்: செலவை எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது?

1. காவிரிக்கரையான், திருச்சி

அன்பர்களுக்கு வணக்கம். என் தாயாருக்கு எழுபது வயது நெருங்குகிறது. அவருடைய தந்தையார் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்குக்குச் சென்று, அங்கே சில ஆண்டுகள் கடைக்கணக்கு எழுதித் திரும்பியவர். அந்தக் கப்பலைப் பற்றிய கதைகளைக் கேட்டே வளர்ந்த என் தாயார் இதுவரை எந்தக் கப்பலிலும் ஏறியதில்லை. வரும் கோடை விடுமுறையில் அவரையும், மனைவியையும், ஆறாம் வகுப்பு படிக்கும் மகளையும், ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகனையும் அழைத்துக்கொண்டு, சிங்கப்பூரிலிருந்து புறப்படும் மூன்று அல்லது நான்கு இரவுக் கப்பல் பயணம் ஒன்றுக்குச் செல்ல விரும்புகிறேன்.

நான் மாதச் சம்பளக்காரன். இதற்கென்று சேர்த்து வைத்த தொகைக்கு மேல் கடன் வாங்குவதில்லை என்பதில் நானும் மனைவியும் உறுதியாக இருக்கிறோம். பயண முகவர்களிடம் விசாரித்தால் ஆளுக்கொரு தொகை சொல்கிறார்கள். விளம்பரத்தில் பார்க்கும் கட்டணம் வேறாகவும், கடைசியில் கையில் தரும் மதிப்பீடு வேறாகவும் இருக்கிறது. ஐந்து பேருக்கு எத்தனை அறைகள் எடுப்பது, எந்த வாரத்தில் போவது, கப்பலில் ஏறிய பிறகு என்னென்ன செலவுகள் வரும் என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். தாயார் சைவ உணவு மட்டுமே உண்பவர். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார்.

2. நெய்தல்மகள், சிங்கப்பூர்

காவிரிக்கரையான் அவர்களுக்கு வணக்கம். அறைகளிலிருந்தே தொடங்குகிறேன், ஐந்து பேர் கொண்ட குடும்பத்தின் கணக்கு அங்கேதான் சிக்கலாகிறது. கப்பல் நிறுவனங்கள் ஓர் அறையில் இருவர் தங்குவார்கள் என்று வைத்துத்தான் கட்டணத்தை நிர்ணயிக்கின்றன. அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளாகத் தங்குபவருக்குக் கட்டணம் பெரும்பாலும் குறைவு. சில காலங்களில் பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லை என்றும் அறிவிப்பார்கள். ஆனால் ஒருவர் மட்டும் தனி அறை எடுத்தால் ஏறத்தாழ இருவருக்கான கட்டணத்தை அவரே செலுத்த வேண்டியிருக்கும். ஆகவே நீங்கள் நால்வரும் ஓர் அறையில், தாயார் தனியாக மற்றோர் அறையில் என்று பிரிப்பதைவிட, தாயாரும் மகளும் ஓர் அறையில், நீங்களும் மனைவியும் மகனும் அடுத்த அறையில் என்று பிரிப்பது மலிவாக வரும். தாயாருக்கும் இரவில் துணை இருக்கும்.

சன்னல் இல்லாத உள் அறைதான் எல்லாவற்றிலும் மலிவானது. அறை எண்ணை நிறுவனமே பின்னர் ஒதுக்கித் தரும் வகையில் இன்னும் சற்றுக் குறைந்த கட்டணம் ஒன்று உண்டு. கணவனும் மனைவியும் மட்டும் போகும்போது அதை எடுக்கலாம். உங்களுக்கு அது வேண்டாம். இரண்டு அறைகளும் இரு வேறு தளங்களில் கிடைத்துவிட்டால், வயதானவரை வைத்துக்கொண்டு மின்தூக்கிக்கும் அறைக்கும் அலைவதிலேயே பயணம் கழிந்துவிடும். சற்றுக் கூடுதலாகக் கொடுத்தேனும் அடுத்தடுத்த அறைகளை, கப்பலின் நடுப்பகுதியில், மின்தூக்கிக்குப் பக்கமாகத் தேர்ந்தெடுங்கள். மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியான கடல்தான் என்றாலும், ஆட்டம் குறைவாகத் தெரியும் இடம் நடுப்பகுதியே.

காலத்தைப் பொறுத்தவரை உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு அமைந்திருக்கிறது. சிங்கப்பூரில் அரையாண்டுப் பள்ளி விடுமுறை மே மாதக் கடைசியில் தொடங்கி ஜூன் கடைசி வரை நீடிக்கும்; அந்த வாரங்களில் கப்பல் கட்டணம் கடுமையாக ஏறும். தமிழ்நாட்டுக் கோடை விடுமுறையோ அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்தின் முதல் மூன்று வாரங்களிலும் இங்குள்ள பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். மே தினத்தையும் விசாக தினத்தையும் ஒட்டிய நீண்ட வார இறுதிகளைத் தவிர்த்துவிட்டு, வார நாளில் புறப்பட்டு வார நாளிலேயே திரும்பும் பயணத்தைத் தேடுங்கள். அதே கப்பலில், அதே அறை வெள்ளிக்கிழமைப் புறப்பாட்டைவிடக் குறைந்த கட்டணத்தில் கிடைப்பது இயல்பு.

இனி நான் மிக முக்கியமாகக் கருதும் செய்திக்கு வருகிறேன். பெரும்பாலோர் கப்பலைப் பார்த்துப் பயணத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கையில் பணம் அளவாக உள்ள குடும்பம் துறைமுகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சிங்கப்பூரிலிருந்து செல்லும் குறுகிய பயணங்கள் பெரும்பாலும் மலேசியாவின் பினாங்கு, போர்ட் கிள்ளான், தாய்லாந்தின் புக்கெட் ஆகிய மூன்று ஊர்களில் ஒன்றிலோ இரண்டிலோ நிற்கின்றன. பினாங்கில் கப்பல் நகரத்தின் மடியிலேயே வந்து நிற்கும். இறங்கி நடந்தால் ஊர். போர்ட் கிள்ளானில் பயணியர் கப்பல்கள் நிற்கும் முனையம் இண்டா தீவில் இருக்கிறது. அங்கிருந்து கோலாலம்பூருக்கோ பத்துமலைக்கோ போக வேண்டுமானால் சாலை வழியே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஐந்து பேருக்குப் பெரிய வண்டி பேச வேண்டும். நெரிசலில் சிக்கினால் திரும்பும் நேரம் பற்றிய கவலையும் சேர்ந்துகொள்ளும். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் வழக்கமாகப் படோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆட்களைக் கரைக்கு அனுப்பும். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். கடற்கரையில் விளையாடச் செலவும் இல்லை. ஆனால் அலையில் அசையும் படகில் ஏறி இறங்குவது முழங்கால் வலி உள்ளவர்களுக்கு எளிதன்று. போர்ட் கிள்ளான் பயணம் கட்டணத்தில் மலிவாகத் தெரியும். கரையில் ஆகும் வண்டிச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் பினாங்குப் பயணமே பல வேளைகளில் மலிவாக இருக்கும்.

3. கணக்கர், மதுரை

நெய்தல்மகள் அவர்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். விளம்பரக் கட்டணத்துக்கும் இறுதித் தொகைக்கும் ஏன் அவ்வளவு வேறுபாடு என்ற கேள்விக்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

முதலாவது, துறைமுகக் கட்டணமும் வரிகளும். பிள்ளைகளுக்குக் கப்பல் கட்டணம் இல்லை என்று அறிவித்தாலும் இவற்றைத் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். இரண்டாவது, பணியாளர்களுக்கான அன்பளிப்பு. அமெரிக்க வழக்கத்தைப் பின்பற்றும் கப்பல்களில் சாதாரண அறைக்கு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 18 டாலர் அளவில் இது கணக்கில் ஏறும். ஐந்து பேருக்கு நான்கு இரவுகளுக்கு 360 டாலர் ஆகிறது. இது சிறு தொகை அன்று. முகவர் தரும் மதிப்பீட்டில் இவை இரண்டும் அடங்கியுள்ளனவா என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே இரு முகவர்களின் தொகைகளை ஒப்பிட வேண்டும். இல்லையென்றால் குறைவாகச் சொன்னவரே நல்லவர் என்று தோன்றிவிடும்.

மூன்றாவது, இந்தியாவில் வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு வாங்கும்போது முகவர் முன்கூட்டியே பிடிக்கும் வரி. இது செலவாகிப் போகும் பணம் அன்று. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது ஈடு செய்துகொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். ஆனால் கட்டும் வேளையில் கையில் இருக்க வேண்டும் என்பதால் அதையும் ஒதுக்கி வையுங்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்பவர் பெயரிலேயே ரசீது இருக்கட்டும்.

நான்காவது, சிங்கப்பூர் விசா. கட்டணம் ஆளுக்கு 30 சிங்கப்பூர் டாலர். அதற்கு மேல் முகவரின் சேவைக் கட்டணம் உண்டு. கப்பலேறினால் சிங்கப்பூரை விட்டு வெளியேறி மீண்டும் நுழைகிறோம் என்பதால், ஒருமுறைக்கு மேல் நுழைய அனுமதிக்கும் விசாவாக இருப்பது கட்டாயம். விசாத் தாள் கைக்கு வந்தவுடன் அதைச் சரிபாருங்கள். சிங்கப்பூருக்குள் நுழைவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டைக்குக் கட்டணமே இல்லை; அதற்குப் பணம் கேட்கும் தளங்கள் குடிநுழைவுத் துறையினுடையவை அல்ல. மலேசியாவும் தாய்லாந்தும் இந்தியர்களுக்கான விதிகளை அவ்வப்போது மாற்றுகின்றன; முன்பணம் கட்டும் நாளில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கப்பலுக்குள் நடக்கும் செலவு வேறு வகை. ஏறும்போது தரும் அட்டைதான் அறைச் சாவியும் பணப்பையும். காகிதப் பணம் கைமாறாததால் செலவாகும் உணர்வே வராது. பிள்ளைகளின் அட்டையில் பணம் கழிக்கும் வசதியை முடக்கித் தருமாறு விருந்தினர் சேவை மேசையில் முதல் நாளே கேளுங்கள், செய்து தருவார்கள். விளையாட்டு இயந்திரக் கூடத்தில் அட்டையைத் தொட்டால் போதும் என்பதால், பெற்றோர் அறியாமலேயே தொகை ஏறிவிடும். குளிர்பானங்களுக்கு விலையோடு சேவைக் கட்டணமும் சேரும். தண்ணீரும், சாதாரணத் தேநீரும், காபியும் உணவகத்தில் இலவசம். கப்பலின் இணையத் தொகுப்பு வாங்காமலேயே இருக்கலாம். ஆனால் கைப்பேசிகளை எல்லாம் விமானப் பயன்முறையில் வைத்துவிடுங்கள். நடுக்கடலில் கைப்பேசி தானாகக் கப்பலின் அலைவரிசையைப் பிடித்துக்கொண்டால் வரும் கட்டணம் மிகப் பெரியது.

4. வங்கக்கடலோன், சென்னை

பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும். மாறுபட்ட ஒரு கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். கடன் வாங்காமல் கடற்பயணம் என்பதுதான் நோக்கமென்றால், விசாவும் விமானமும் எதற்கு? சென்னைத் துறைமுகத்திலிருந்து அந்தமானுக்கு அரசுக் கப்பல்கள் செல்கின்றன. ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர் தொலைவைக் கடக்க இரண்டரை முதல் மூன்று நாட்கள் ஆகும். படுக்கை வகுப்பு முதல் தனி அறை வரை பல வகுப்புகள் உண்டு. கட்டணம் சொகுசுக் கப்பல்களோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு. நாலாபுறமும் தண்ணீர், இரவில் விண்மீன்கள், உடன் வருபவர்கள் சொந்த ஊர் திரும்பும் அந்தமான் தமிழர்கள். அந்த அனுபவத்தைப் பஃபே உணவும் நீச்சல் குளமும் தந்துவிடாது. கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்கு அரசு நடத்தும் கப்பல் சுற்றுலாவும் இருக்கிறது.

5. நெய்தல்மகள், சிங்கப்பூர்

வங்கக்கடலோன் சொல்லும் பயணத்தின் அழகை நான் மறுக்கவில்லை. இளைஞர்களுக்கு அதைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் அந்தமான் கப்பல் மக்கள் போக்குவரத்துக்காக ஓடுவது. புறப்படும் நாள் பெரும்பாலும் குறுகிய கால இடைவெளியில்தான் அறிவிக்கப்படுகிறது. வானிலையால் தள்ளியும் போகும். பள்ளி விடுமுறையையும் அலுவலக விடுப்பையும் முன்கூட்டியே வகுத்துக்கொள்ள வேண்டிய குடும்பத்துக்கு அது பெரிய நெருக்கடி. மூன்று நாட்கள் நடுவில் எங்கும் நிற்காது என்பதையும், இன்சுலின் போடுபவருக்குக் குறித்த நேரத்தில் ஏற்ற உணவு வேண்டும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மலிவு என்பதற்காக வயதானவரின் உடலைச் சோதனைக்கு உள்ளாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

6. பினாங்குவாசி, ஜார்ஜ் டவுன்

நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவரின் மகள் பினாங்குக்கு வருகிறார் என்பதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா 1970-களின் தொடக்கம் வரை ஓடியது, பின்னர் எம்.வி. சிதம்பரம் அதே தடத்தில் வந்தது. 1980-களின் நடுவில் அந்தப் போக்குவரத்தே நின்றுபோனது. என் குடும்பமும் ரஜூலாவில் வந்த குடும்பந்தான்.

கப்பல் நிற்கும் இடம் ஸ்வெட்டன்ஹாம் துறை. வெளியே வந்தவுடன் விக்டோரியா மகாராணியின் மணிக்கூண்டு தெரியும். அவருடைய ஆட்சியின் அறுபது ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ஓரடியாக அறுபதடி உயரத்தில் எழுப்பியது. அதன் அருகே கார்ன்வாலிஸ் கோட்டை. அங்கிருந்து மெதுவாக நடந்தாலும் கால் மணி நேரத்துக்குள் லிட்டில் இந்தியாவை அடைந்துவிடலாம். குயீன் தெருவில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. சற்றுத் தள்ளி, தமிழ் முஸ்லிம் வணிகர்களின் வரலாற்றோடு பிணைந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். கடைக்கணக்கு எழுதியவர் என்கிறீர்கள். அக்காலத் தமிழர் கடைகளும் கிட்டங்கிகளும் வட்டிக்கடைகளும் இந்தத் தெருக்களைச் சுற்றியேதான் இருந்தன. அம்மா கேட்ட கதைகளில் தெருப் பெயர் ஏதேனும் வந்திருந்தால் குறித்துக்கொண்டு வாருங்கள். பல தெருக்கள் அதே பெயரில்தான் இருக்கின்றன. பழைய நகரம் 2008 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுவதால் கட்டடங்களும் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன.

வெயில் கடுமையாக இருக்கும்; பிற்பகலில் மழையும் வரலாம். அஞ்சடி எனப்படும் கடை முன்தாழ்வாரங்கள் வழியாகவே நடந்தால் நிழல் கிடைக்கும். கால் வலித்தால், படகுத் துறையிலிருந்து கொம்தார் என்னும் உயர்ந்த கோபுரக் கட்டடம் வரை பழைய நகருக்குள் சுற்றும் இலவசப் பேருந்து இருக்கிறது. சைவ உணவுக் கடைகள் லிட்டில் இந்தியாவிலேயே உள்ளன. தோசை, இட்லி, சாப்பாடு எல்லாம் கிடைக்கும். பினாங்குக் கொடிமலைக்குப் போக வேண்டும் என்று பலர் சொல்வார்கள். நகரப் பேருந்து 204 அங்கே போகிறது என்றாலும், மலை ரயிலுக்கான வரிசை நீண்டுவிட்டால் கப்பலுக்குத் திரும்பும் நேரம் நெருக்கும். அரைநாள் மட்டுமே நிற்கும் கப்பலில் வருபவர்கள் மலையை விட்டுவிட்டு நகரத்தைப் பார்ப்பதே நல்லது.

7. காவிரிக்கரையான், திருச்சி

அனைவருக்கும் நன்றி. பினாங்குவாசி எழுதியதைத் தாயாருக்குப் படித்துக் காட்டினேன். பீச் தெரு என்று தம் தந்தையார் சொல்லக் கேட்டதாக அவர் சொல்கிறார். இனி போர்ட் கிள்ளான் பேச்சுக்கே இடமில்லை.

தாயாருக்கு மட்டும் பால்கனி உள்ள அறை எடுக்கலாமா என்று மனைவி கேட்கிறார். உட்கார்ந்த இடத்திலேயே கடலைப் பார்க்கலாம் என்பது அவருடைய எண்ணம். இரண்டாவதாக, திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானங்கள் இருப்பதால், கப்பல் புறப்படும் நாள் காலையில் வந்து இறங்கினால் ஒரு நாள் விடுதிச் செலவு மிச்சமாகும் அல்லவா?

8. கணக்கர், மதுரை

பால்கனிக்கு நான் ஆதரவு. மற்றவற்றில் எவ்வளவு வேண்டுமானாலும் சிக்கனம் பிடியுங்கள். ஆனால் இந்தப் பயணமே அம்மாவுக்காக என்னும்போது, அவர் அதிகாலையில் எழுந்து கதவைத் திறந்தால் கடல் தெரிய வேண்டும். கூட்டத்தில் போய் இடம் பிடித்து உட்காருவது எல்லா முதியவர்களுக்கும் இயலாது. இணையத் தொகுப்பு, குளிர்பானம், நிழற்படம், கடைகள் ஆகியவற்றை முற்றிலுமாக விட்டுவிட்டால் கூடுதல் தொகையில் பெரும் பகுதியை ஈடுகட்டலாம்.

9. நெய்தல்மகள், சிங்கப்பூர்

கணக்கர் ஐயாவின் அன்பு எனக்குப் புரிகிறது. ஆயினும் இதில் மாறுபடுகிறேன். பால்கனி அறை எடுத்தால் தாயார் இருக்கும் இடம் உங்கள் அறையிலிருந்து தள்ளிப்போகக்கூடும். உள் அறைகளும் பால்கனி அறைகளும் பல கப்பல்களில் எதிரெதிரே இருந்தாலும், கிடைக்கும் எண்கள் அப்படி அமையும் என்பதற்கு உறுதியில்லை. அதிகாலையில் மேல் தளங்கள் ஏறத்தாழ வெறுமையாகவே இருக்கும். மகளும் பாட்டியும் ஒரு கோப்பைத் தேநீரோடு போய் உட்கார்ந்தால் மூன்று பக்கங்களிலும் கடல் தெரியும். பணம் மீறாமல் எதிரெதிர் அறைகள் கிடைக்குமானால் எடுங்கள். இல்லையென்றால் அந்தத் தொகையை உங்கள் இரண்டாவது கேள்விக்குச் செலவிடுங்கள்.

ஏனெனில், புறப்படும் நாளிலேயே விமானத்தில் வந்து இறங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். விமானம் சில மணி நேரம் தாமதமானாலும் கப்பல் காத்திராது. குறித்த நேரத்துக்கு வெகு முன்பே பதிவை முடித்துவிடுவார்கள். கட்டிய பணமும் திரும்பாது. முதல் நாள் வந்து, லிட்டில் இந்தியா பகுதியில் எளிய விடுதி ஒன்றில் ஓர் இரவு தங்குங்கள். அறை எடுப்பதற்கு முன் ஐவருக்கும் இடம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் விடுதிகள் இதில் கண்டிப்பானவை. மரினா பே கப்பல் முனையத்துக்கு மரினா சவுத் பியர் ரயில் நிலையம் பக்கத்தில்தான். ஆனாலும் பெட்டிகளோடும் தாயாரோடும் வெயிலில் நடக்க வேண்டாம். ஆறு பேர் அமரும் வாடகை வண்டியில் போங்கள். இந்தச் செலவைக் குறைக்கக் கூடாது.

தாயாரின் உணவைப் பற்றி: முன்பதிவின்போதே சைவம் என்று பதிவு செய்யுங்கள். முதல் இரவு உணவின்போது மேசைப் பொறுப்பாளரிடம், முட்டையும் சேராத இந்தியச் சைவம் என்று விளக்கமாகச் சொல்லுங்கள். பெரிய கப்பல்களில் இந்தியச் சமையல்காரர்கள் இருப்பது வழக்கம். மறுநாளுக்கு என்ன வேண்டும் என்று முந்தைய இரவே கேட்டுச் செய்து தருவார்கள். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. ரைஸ் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றைக் கொண்டு போகாதீர்கள். நுழைவிலேயே எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

இன்சுலினையும் மாத்திரைகளையும் மருத்துவரின் சீட்டோடு கைப்பையிலேயே வைத்திருங்கள். முனையத்தில் ஒப்படைக்கும் பெரிய பெட்டிகள் அறைக்கு வந்துசேரப் பல மணி நேரம் ஆகலாம். அதே காரணத்தால் பிள்ளைகளின் நீச்சல் உடைகளும் கைப்பையில் இருக்கட்டும். ஏறிய மதியமே குளத்தில் இறங்கலாம், அப்போதுதான் கூட்டம் குறைவு. கப்பலின் மருத்துவரைப் பார்க்க ஆகும் செலவு மிக அதிகம் என்பதால், தாயாருக்கு ஏற்கெனவே உள்ள நோயையும் உள்ளடக்கிய பயணக் காப்பீட்டை எடுங்கள். எதைக் குறைத்தாலும் அதைக் குறைக்காதீர்கள்.

கட்டணத்திலேயே அடங்கியவற்றை முழுமையாகப் பயன்படுத்துங்கள். மாலை நாடகங்கள், இசை நிகழ்ச்சிகள், பாறையேறும் சுவர், பிள்ளைகளுக்கான மன்றம் எல்லாம் பெரும்பாலும் கூடுதல் கட்டணம் இல்லாதவை. நிகழ்ச்சிகளுக்கு இடம் முன்பதிவு செய்ய வேண்டியிருந்தால் ஏறிய உடனே செய்துவிடுங்கள். பிள்ளைகள் மன்றத்தில் பின்னிரவு நேரத்துக்கு மட்டும் கட்டணம் வாங்குவது உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

பினாங்கில் இறங்கும்போது ஒன்று கவனியுங்கள். மலேசிய நேரமும் சிங்கப்பூர் நேரமும் ஒன்றே என்பதால் குழப்பம் இல்லை. புக்கெட்டும் சேர்ந்த பயணமாக இருந்தால், தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்தங்கியது. கைப்பேசி தானாக நேரத்தை மாற்றிக் காட்டும், கப்பலோ சிங்கப்பூர் நேரத்திலேயே இயங்கலாம். கரைக்குப் போகும் நாளில் கப்பலின் நேரத்துக்கு வைத்த சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றை யாரேனும் கட்டியிருங்கள்.

10. காவிரிக்கரையான், திருச்சி

மே மாத இரண்டாம் வாரத்தில், திங்கட்கிழமை புறப்பட்டுப் பினாங்கில் நிற்கும் பயணம் ஒன்றைக் கண்டோம். அடுத்தடுத்த இரண்டு உள் அறைகளுக்கு, அன்பளிப்பும் துறைமுகக் கட்டணமும் சேர்த்து எழுத்தில் மதிப்பீடு கேட்டிருக்கிறேன். எதிரெதிர் அறைகள் கிடைத்தால் பால்கனி, இல்லையென்றால் உள் அறை என்று முடிவு செய்துள்ளோம். தாயாரின் கடவுச்சீட்டு மட்டும் நவம்பரில் காலாவதியாகிறது. அது போதுமா?

11. கணக்கர், மதுரை

போதாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பயண முடிவிலிருந்து ஆறு மாதங்களுக்குக் குறையாமல் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும்; மே நடுவிலிருந்து கணக்கிட்டால் நவம்பர் நடுவைத் தாண்ட வேண்டும். எல்லைக்கோட்டில் நிற்காமல் இந்த வாரமே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். புதிய எண் கைக்கு வந்த பிறகே விசாவுக்குக் கொடுங்கள். கப்பல் முன்பதிவில் பழைய எண் பதிந்திருந்தால் அதையும் முகவரிடம் சொல்லி மாற்றச் செய்யுங்கள்.